கர்சர் யாரோட சொத்து? ஓபி மேசையிலிருந்து ஒரு நீளமான த்ரெட்

1.
இன்னைக்கு டெங்கு இல்ல, சுகர் இல்ல, நாய்க்கடி தடுப்பூசியும் இல்ல. கம்ப்யூட்டர் திரையில ஒரு சின்ன கோடு மினுக்கு மினுக்குன்னு துடிச்சுக்கிட்டு இருக்குமே, கர்சர், அதைப் பத்தித்தான் பேசப் போறேன். டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. அந்தக் கோடு நான் கேட்காமலே இடம் மாறினதால, ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரையை நான் எழுதிட்டேன். அதனாலதான்.

2.
நான் குடியிருக்கிறது கண்ணமங்கலம். ஜவ்வாது மலை அடிவாரம். வேலை பார்க்கிறது இந்தச் சுற்றுவட்டாரத்துல ஓர் அரசு மருத்துவமனை. எந்த மருத்துவமனை, எந்த மென்பொருள்னு சொல்லப் போறதில்ல. ஒருத்தரை மாட்டிவிடறதுக்காக இதை எழுதல. நோயாளிகளோட வயசு, விவரமெல்லாம் மாத்தியிருக்கேன்.

3.
எங்க பக்கத்தைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பக்கத்துல படவேடு ரேணுகாம்பாள் கோயில். அதனால இங்க ரேணுகாவுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு திங்கட்கிழமை ஓபியில நாலு ரேணுகா வருவாங்க. அதுல ரெண்டு பேருக்கு அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ கூட ஒண்ணா இருக்கும். மலையில இருந்து இறங்கி வர்றவங்க கிட்ட பிறந்த தேதி கேட்டா, ஆதார்ல இருக்கிற ஜனவரி 1ஐத்தான் காட்டுவாங்க. பேரை மட்டும் வெச்சு ஆளைப் பிரிக்க முடியாத ஊர் இது.

4.
அன்னைக்கும் திங்கட்கிழமைதான். டோக்கன் இருநூறைத் தாண்டியிருந்துச்சு. எதிர்ல அறுபதை நெருங்குற ஒரு ரேணுகாம்மா. சுகர், பிபி ரெண்டும் இருக்கு. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "போட்டுக்கினுதான் கீறன் சாமி"ன்னாங்க. பிபி அதுக்கு மாறா 170ல நின்னுச்சு. அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே, உப்பு, கருவாடு, ஊறுகாய் பத்தி பேசிக்கிட்டே, வழக்கமா அவங்களுக்குப் போகிற எனலாப்ரிலை டைப் பண்ணினேன். நாலு எழுத்து அடிச்சு என்டர் தட்டினா பட்டியல்ல முதல்ல நிக்கிற மருந்து விழுந்துடும். கை பழகின வேலை. திரையைப் பார்க்கல.

5.
அந்த ரெண்டு விநாடிக்குள்ள என்ன நடந்துச்சுன்னா, காலையில ரத்தம் கொடுத்துட்டுப் போன இன்னொரு ரேணுகாவோட லேப் ரிசல்ட் வந்துடுச்சு. இருபதுகள்ல இருக்கிற பொண்ணு, அஞ்சு மாச கர்ப்பம். ரிசல்ட் வந்தா அந்த நோயாளியோட பக்கமே தானா திறந்து முன்னாடி வந்து நிக்கிற மாதிரி அந்த மென்பொருளைச் செஞ்சிருந்தாங்க. கர்சரும் அங்கயே போய் உட்கார்ந்துக்கும், அதுவும் மருந்து எழுதுற கட்டத்துல. நான் அடிச்ச நாலு எழுத்தும், என்டரும், அதுக்கப்புறம் 'சேவ்' கொடுத்ததும் அந்தப் பொண்ணு கணக்குல போயிடுச்சு. ரெண்டு பக்கத்துலயும் மேல இருந்த பேர் ரேணுகாதான். நிமிர்ந்து பார்த்தப்பவும் எனக்கு வித்தியாசம் உறைக்கல.

6.
எனலாப்ரில் நல்ல மருந்து. பிபிக்கும் இதய பலவீனத்துக்கும் உலகம் பூரா கொடுக்கிறோம். ஆனா கர்ப்பிணிக்கு ஆகாது. முக்கியமா நாலாவது மாசத்துக்கு மேல, வயித்துல இருக்கிற குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும், குழந்தை உயிருக்கே ஆபத்தாகலாம். மூணாவது வருஷ எம்பிபிஎஸ் மாணவர்கிட்ட கேட்டாலும் தூக்கத்துல சொல்வாங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் என் பேர்ல அந்த மருந்துச் சீட்டு போயிருக்கு.

7.
காப்பாத்தினது மருந்தாளுநர் மேடம். மாத்திரையைக் கையில எடுத்தவங்க, எதிர்ல நின்ன பொண்ணோட வயித்தைப் பார்த்துட்டு மாத்திரையைக் கீழ வெச்சுட்டாங்க. நேரா என் ரூமுக்கு வந்து, "டாக்டர், ஏஎன்சி கேஸுக்கு எனலாப்ரில் போட்டிருக்கீங்க. தெரிஞ்சுதான் போட்டீங்களா?"ன்னு மெதுவா கேட்டாங்க. எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு ஒரு மாத்திரை கூட விழுங்கல. பிறகு சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம். கூட்டம் இன்னும் கொஞ்சம் அதிகமா இருந்து, மேடம் தலை நிமிராம மாத்திரையை எண்ணிக் கொடுத்திருந்தா?

8.
தப்பு என்னோடதுதான். பார்க்காம சேவ் கொடுத்தது நான். அதை மறைக்கல. ஆனா "இனிமே கவனமா இருக்கேன்"னு சொல்லிட்டு முடிச்சுக்கிட்டா, அதே பொறி அடுத்த டாக்டருக்கும் காத்திருக்கும். அதனால ராத்திரி வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர்ல இந்த விஷயத்துக்கு என்னதான் விதின்னு படிக்க ஆரம்பிச்சேன். மென்பொருள் எழுதுறவங்க பல வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்ட சமாச்சாரம் இதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. இதுக்குப் பேரே 'ஃபோகஸ் திருட்டு'.

9.
எளிமையா சொல்றேன். திரையில பத்து விண்டோ திறந்திருக்கலாம். கீபோர்டு ஒண்ணே ஒண்ணு. நீங்க தட்டுற எழுத்து யாருக்குப் போகணும்னு முடிவு பண்றதுதான் ஃபோகஸ். விண்டோஸ்ல இது மூணு அடுக்கு. எந்த ப்ரோக்ராம் இப்போ முன்னணியில இருக்கு, அந்த ப்ரோக்ராம்ல எந்த விண்டோ செயல்ல இருக்கு, அந்த விண்டோவுக்குள்ள எந்தக் கட்டத்துல கர்சர் நிக்குது. எந்தக் கட்டடம், எந்த வார்டு, எந்தப் பெட்டுன்னு வெச்சுக்கோங்க. ஊசி போடுறவருக்கு மூணுமே சரியா தெரியணும். மூணுல ஒண்ணு மாறினாலும் ஊசி வேற ஆளுக்கு.

10.
விண்டோஸ் 95 காலத்துல எந்த ப்ரோக்ராம் வேணும்னாலும் "நான்தான் முன்னாடி"ன்னு வந்து நிக்கலாம். நீங்க கடிதம் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே குறுக்க வந்து கீபோர்டைப் பிடுங்கிக்கும். இது தாங்க முடியாமத்தான் விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் கடிவாளம் போட்டுச்சு. பயனர் கடைசியா எந்த ப்ரோக்ராமோட புழங்கினாரோ, அதுவோ அது திறந்துவிட்டதோ முன்னாடி வரலாம். மத்ததெல்லாம் வந்தா, கீழே இருக்கிற டாஸ்க்பார்ல அதோட பட்டன் மட்டும் மினுக்கும். பயனர் கடைசியா கீ தட்டினதுல இருந்து 200 விநாடி வரைக்கும் வெளியாள் உள்ளே நுழைய முடியாதுங்கிறதுதான் வழக்கமான அளவு.

11.
அந்த மினுக்கல் எனக்கு எதை ஞாபகப்படுத்துச்சு தெரியுமா? எங்க ஓபியில ஓர் அக்கா இருக்காங்க. கையெழுத்துக்கு ஃபைல் கொண்டு வருவாங்க. நான் எழுதிக்கிட்டு இருந்தா, மேசை ஓரத்துல நிப்பாங்க. ஃபைலை என் கையில திணிக்க மாட்டாங்க, நான் எழுதுற சீட்டு மேல வைக்கவும் மாட்டாங்க. நான் பேனாவை வெச்சதும் நீட்டுவாங்க. ஆனா வாசல்ல மூச்சுத் திணறலோட ஒருத்தர் வந்தா, நிக்கவே மாட்டாங்க. "டாக்டர், எந்திரிங்க!"ன்னு ஒரே சத்தம். எது காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு அவங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கல.

12.
லினக்ஸ் பக்கம் இதை இன்னும் அழகா யோசிச்சிருக்காங்க. (அரசு இலவச லேப்டாப்புல பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு வந்துச்சே, அந்தக் குடும்பம்.) ஒவ்வொரு விண்டோவும் "பயனர் என்னைக் கடைசியா எப்போ தொட்டார்"னு ஒரு நேரக் குறிப்பு வெச்சிருக்கும். நீங்க பத்து மணிக்கு ஒரு ப்ரோக்ராமைத் திறக்க க்ளிக் பண்றீங்க, அது திறக்க நேரமாகுது. அதுக்குள்ள வேற விண்டோவுல டைப் பண்ண ஆரம்பிச்சுட்டீங்க. புதுசா திறக்கிறது தன் கையில பத்து மணிச் சீட்டோட வரும். "அதுக்கப்புறம் இவர் இங்க வேலை பார்க்க ஆரம்பிச்சுட்டார், நீ பின்னாடி நில்லு"ன்னு அதை நிறுத்திடும். கேடிஇ டெஸ்க்டாப்புல இந்தக் கண்டிப்பு எவ்வளவு வேணும்னு அஞ்சு நிலை வெச்சு நாமளே மாத்திக்கலாம்.

13.
இப்போ வந்திருக்கிற வேலேண்ட் முறையில ஒரு படி மேல. ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றை முன்னாடி கொண்டு வரணும்னா, நீங்க க்ளிக் பண்ணின அந்த நேரத்துல ஒரு அனுமதிச் சீட்டு வாங்கி அதுக்கிட்ட கொடுக்கணும். அதைக் காட்டினாத்தான் முன்னாடி வரலாம். அந்தச் சீட்டுக்கு அவங்க வெச்ச பேரே 'டோக்கன்'. படிச்சப்போ சிரிச்சுட்டேன். நம்ம ஓபி வரிசை! ஆப்பிளும் 2023ல வந்த மேக்ஓஎஸ் 14ல, மத்தவங்களை மதிக்காம முன்னாடி வர்ற பழைய கட்டளையைக் கைவிட்டுட்டு, "கேட்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்"ங்கிற முறைக்கு மாறிடுச்சு.

14.
அப்போ என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் இது நடந்துச்சு? இதுதான் முக்கியமான இடம். இந்த வேலி எல்லாம் வெளியாளைத் தடுக்கத்தான். வீட்டுக்குள்ள இருக்கிறவங்களை இல்ல. நான் டைப் பண்ணிக்கிட்டு இருந்ததும் அதே மென்பொருள், குறுக்க வந்ததும் அதே மென்பொருளோட இன்னொரு பக்கம். விண்டோஸ் கணக்குல அது ஏற்கெனவே முன்னணியில இருக்கிற ப்ரோக்ராம். தனக்குள்ள எந்தப் பக்கத்தை வேணும்னாலும் முன்னாடி கொண்டு வரலாம், கர்சரை எங்க வேணும்னாலும் வைக்கலாம். அங்க போலீஸ் கிடையாது. எழுதுறவரோட பொறுப்பு மட்டும்தான்.

15.
இன்னொரு ஆபத்து, 'ஆம் / இல்லை' பெட்டி. பதில் சொல்லாம அடுத்த வேலை பார்க்க விடாது. விண்டோஸோட சாதாரண ஆம்/இல்லை பெட்டி திறந்திருக்கும்போது, மவுஸ் வேணாம், 'ஒய்' எழுத்தைத் தட்டினாலே 'எஸ்' சொன்ன மாதிரி. இப்போ ஆங்கிலத்துல 'தைராய்டு'ன்னு டைப் பண்ணிப் பாருங்க. மூணாவது எழுத்து 'ஒய்'. நீங்க தைராய்டுன்னு எழுதிக்கிட்டு இருக்கும்போது "இந்தப் பதிவை அழிக்கவா?"ன்னு ஒரு பெட்டி வந்தா, கேள்வியைப் படிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க பதில் சொல்லி முடிச்சிருப்பீங்க.

16.
இதுக்கும் மருந்து இருக்கு. ஃபயர்பாக்ஸ்ல ஏதாவது டவுன்லோட் பண்ணும்போது கேள்விப் பெட்டி வந்துச்சுன்னா, அதுல 'ஓகே' பட்டன் முதல்ல கொஞ்ச நேரம் மங்கலா, அழுத்த முடியாம இருக்கும். கவனிச்சிருக்கீங்களா? அது வேகக் குறைவு இல்ல, வேணும்னே வெச்சது. வேற எதையோ டைப் பண்ணிக்கிட்டு இருக்கிற விரல் தெரியாம 'ஓகே' சொல்லிடக் கூடாதுன்னு ஒரு விநாடி பூட்டு. பாட்டு டவுன்லோட் பண்றவருக்கு இருக்கிற பாதுகாப்பு, மருந்து எழுதுற டாக்டருக்கு இல்லைங்கிறதுதான் என் ஆதங்கம்.

17.
தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு. விண்டோஸ் 7 வரைக்கும் கீபோர்டு மொழி விண்டோவுக்கு விண்டோ தனித்தனி. இந்த விண்டோவுல தமிழ்99, அந்த விண்டோவுல ஆங்கிலம். ஃபோகஸ் தாவினா மொழியும் தாவும். விண்டோஸ் 8ல இருந்து எல்லாத்துக்கும் ஒரே மொழின்னு வழக்கத்தை மாத்தினாங்க. ஆனா பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுகிற அலுவலகங்கள்ல "வயிற்று வலி"ன்னு ஆரம்பிச்சது பாதியில ஆங்கில எழுத்துக் கஞ்சியா முடியறது இதனாலதான். நீங்க தப்பா டைப் பண்ணல. கர்சர் போயிட்டு வந்திருக்கு.

18.
நான் புகார் சொன்னப்போ வந்த முதல் பதில்: "நீங்கதான் டாக்டர் பார்த்து அடிக்கணும்." ரெண்டாவது பதில்தான் என்னை யோசிக்க வெச்சது: "ரிசல்ட் வந்தா பாப்அப் வரணும்னு கேட்டதே டாக்டருங்கதான்." விசாரிச்சேன், உண்மைதான். அதுக்கு முன்னாடி லேப் ரிசல்ட் வந்து கிடந்தும் யாரும் பார்க்காமப் போன நாட்கள் உண்டு. அதுக்கு வைத்தியம்னு நினைச்சுப் போட்டதுதான் இந்தப் பாப்அப். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்தோட பக்கவிளைவு என் மேசையில வந்து விழுந்திருக்கு. எங்களுக்குப் பழக்கமான கதைதான்.

19.
"பொட்டாசியம் 7ன்னு ரிசல்ட் வந்தா உடனே சொல்ல வேணாமா?"ன்னு சக டாக்டருங்க கேட்பீங்க. சொல்லணும். உடனே சொல்லணும். சிவப்புல காட்டு, சத்தம் போடு, வார்டுக்குப் போன் அடி. என் கண்ணையும் காதையும் எவ்வளவு வேணும்னாலும் கூப்பிடு. என் விரல் இருக்கிற இடத்தை மட்டும் மாத்தாதே. அவசரத்தைச் சொல்றது வேற, கீபோர்டைப் பிடுங்கறது வேற. அவசரச் செய்தி வரும்போது நான் பாதியில எழுதிக்கிட்டு இருக்கிற வார்த்தை, அந்த அவசர நோயாளிக்கே தப்பான மருந்தா போய் விழலாம்ங்கிறதை யோசிங்க.

20.
"அப்போ ஒவ்வொரு தடவையும் நோயாளி பேரைத் திரும்ப டைப் பண்ணச் சொல்லிடலாமே?" அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க. நியூயார்க்ல ஜேசன் அடெல்மன்னு ஒரு டாக்டர் குழு 2013ல வெளியிட்ட ஆய்வு. மருந்து எழுதுறதுக்கு முன்னாடி நோயாளியோட அடையாளத்தைத் திரும்ப உள்ளிட வெச்சப்போ, ஆள் மாறி எழுதுறது சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது. வெறுமனே "இவர்தானே?"ன்னு க்ளிக் பண்ண வெச்சப்போ 16 சதவீதம்தான். நல்ல பலன். ஆனா திரும்ப உள்ளிட ஒவ்வொரு தடவையும் ஆறு ஏழு விநாடி கூடுதலாச்சு. எங்க ஓபியில இருநூறு பேருக்குப் பெருக்கிப் பாருங்க, இருபது நிமிஷத்துக்கு மேல. அந்த இருபது நிமிஷம் வரிசையோட கடைசியில, அமிர்தி ரோட்டுல மலைக்குத் திரும்பற பஸ்ஸை நினைச்சு நிக்கிறவரோட நேரம்.

21.
"ஒரே நேரத்துல ஒரு நோயாளி பக்கம்தான் திறக்கணும்னு கட்டுப்பாடு போட்டா?" அதே அடெல்மன் குழு 2019ல மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களை வெச்சுப் பார்த்தாங்க. ஒரு பக்கம் மட்டும் திறக்க முடிஞ்சவங்களுக்கும், நாலு பக்கம் வரைக்கும் திறக்க முடிஞ்சவங்களுக்கும் இடையில ஆள் மாற்றத்துல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, இது என் கருத்து: எத்தனை விண்டோ திறந்திருக்குங்கிறதை மட்டும் எண்ணிப் பிரயோஜனம் இல்ல. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு யார் மாத்துறாங்க, மாறினது மாத்தினவருக்குத் தெரியுதாங்கிறதைப் பார்க்கணும்.

22.
அதனால அரசு மருத்துவமனைக்கு மென்பொருள் வாங்குறவங்ககிட்டயும், எழுதுறவங்ககிட்டயும் நான் கேட்கிறது அஞ்சே அஞ்சு:
ஒண்ணு, நான் க்ளிக் பண்ணாம எந்தப் பக்கமும் கர்சரை எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. ரிசல்ட் ஓரத்துல வரிசையா நிக்கட்டும்.
ரெண்டு, நோயாளி பேர் கூட வயசு, ஊர், கர்ப்பிணியா இல்லையாங்கிறது பெரிய எழுத்துல எப்பவும் மேல தெரியணும்.
மூணு, நிஜமாவே குறுக்க வந்தாகணும்னா, அந்தப் பெட்டியில பட்டன் ஒரு விநாடி பூட்டியிருக்கணும்.
நாலு, என்டர் தட்டினா விழற பதில் எப்பவும் ஆபத்தில்லாத பதிலா இருக்கணும்.
அஞ்சு, கர்ப்பிணின்னு பதிவானவங்களுக்கு ஆகாத மருந்தைப் போட்டா அங்கேயே தடுக்கணும்.

23.
ஒப்பந்தப் புள்ளியில எத்தனை பக்கம் ரிப்போர்ட் வரணும், லோகோ எந்த மூலையில இருக்கணும்னு எழுதுறோம். இந்த அஞ்சு வரியையும் எழுதலாம். அதோட, மென்பொருளை ஏசி ரூம்ல பிரசன்டேஷன் போட்டு ஒப்புதல் வாங்காதீங்க. ஒரு திங்கட்கிழமை காலையில ஓபியில என் பின்னாடி ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க. ரெண்டு மணி நேரம் போதும்.

24.
எங்க வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்துல வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்காங்க. இந்த த்ரெட்டைப் படிக்கிற நீங்களே ஒருத்தரா இருக்கலாம். தம்பி, தங்கச்சி, நீங்க ஒரு விண்டோவை முன்னாடி கொண்டு வர்ற அந்த ஒரு வரியை எழுதும்போது, "இப்போ அந்த ஆள் என்ன பண்ணிக்கிட்டு இருப்பார்?"னு ஒரு நிமிஷம் யோசிங்க. அது வங்கிக் கவுன்டரா இருக்கலாம், ரயில்வே டிக்கெட்டா இருக்கலாம், ஐசியூவா இருக்கலாம். விண்டோஸ் தடுக்குதுன்னு, ஆல்ட் கீயைத் தட்டின மாதிரி ஏமாத்தி முன்னாடி வர்ற குறுக்கு வழியெல்லாம் இணையத்துல கிடைக்கும். செய்யாதீங்க. அந்தத் தடுப்பு ஒருத்தரோட கைவேலையைக் காப்பாத்தத்தான் இருக்கு.

25.
பொதுமக்களுக்கு: டாக்டர்கிட்ட எந்திரிக்கிறதுக்கு முன்னாடியும், மாத்திரை வாங்குறப்பவும் உங்க பேர், வயசு, ஊர் மூணையும் வாய்விட்டுச் சொல்லுங்க. கர்ப்பமா இருந்தா அதை முதல் வார்த்தையா சொல்லுங்க. பழகின மாத்திரையோட நிறமோ அட்டையோ மாறியிருந்தா "ஏன் மாறியிருக்கு?"ன்னு கேளுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம். யாராவது கோவிச்சுக்கிட்டாலும் கேளுங்க. அதே சமயம், ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

26.
என் மேசையில இப்போ ஒரு மாற்றம். அந்தப் பாப்அப்பை எடுத்துட்டு, ரிசல்ட்டை ஓரத்துல பட்டியலா போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் வரல. வர்ற வரைக்கும், சேவ் கொடுக்கிறதுக்கு முன்னாடி திரையில இருக்கிற பேரையும் ஊரையும் சத்தமா படிக்கிறேன். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க "ஆமாங்க"ன்னு சொன்ன பிறகுதான் என்டர். போன வாரம் ஒரு பாட்டி, "நான் ரேணுகாதான் சாமி, ஆனா ஊரு அது இல்ல"ன்னாங்க.

பகிருங்க. குறிப்பா மென்பொருள் எழுதுற உங்க வீட்டுப் பிள்ளைக்கு அனுப்புங்க.


ஓர் அரசு மருத்துவர், கண்ணமங்கலம்